ஒரு நொடியில் 10 ஜிபி ஃபைல்: காலி பிளாக்கில் பூஜ்ஜியம் போடுவது யார்?

லினக்ஸில் எஃப்-அலொகேட் கட்டளையிடம் 10 ஜிபிக்கு ஒரு ஃபைல் கேட்டுப் பாருங்கள். என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஃபைல் தயாராகிவிடும். திறந்து படித்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பூஜ்ஜியம். அதே 10 ஜிபியை டிடி கட்டளையால் பூஜ்ஜியமாக எழுதச் சொன்னால், நொடிக்கு 200 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் 50 நொடிக்கு மேல் ஆகும்.

"அப்போ அந்த பூஜ்ஜியமெல்லாம் எங்கேருந்து வந்துச்சு அண்ணா?" என்று கேட்டான் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பையன். பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் எங்கள் அலுவலகம். சின்னச் சின்னச் சாதனங்களுக்குள் போகும் லினக்ஸ் டிஸ்க் இமேஜ்களைத் தயாரிப்பது வேலை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் உதவி இல்லாமலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தைக் கையாள உதவும் லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ் என்ற லைப்ரரியை அதற்குப் பயன்படுத்துகிறோம். அதில் பிளாக் ஒதுக்கும் இடத்திற்குப் போனால் 'அன்இனிட்', 'ஜீரோ', 'ஃபோர்ஸ் இனிட்' என்று, எப்படி ஒதுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஏகப்பட்ட ஃப்ளாக்குகள். அவன் குழம்பியதில் தப்பே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சி மொழி தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

காலி பிளாக் காலியாக இருக்காது

ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கை ஒரே அளவுள்ள பிளாக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. எக்ஸ்ட்4-இல் ஒரு பிளாக் பெரும்பாலும் 4096 பைட். எந்த பிளாக் உபயோகத்தில் இருக்கிறது, எது காலி என்று குறித்துவைக்க ஒரு பிட்மேப் உண்டு. பிளாக்குக்கு ஒரு பிட். ஒரு ஃபைலை அழித்தால் அதன் பிளாக்குகளுக்கான பிட்டுகள் 0 ஆகின்றன. அவ்வளவுதான். பிளாக்குக்குள் இருந்த 4096 பைட்டை யாரும் தொடுவதில்லை.

பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும்: வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் ஓனர். டிஸ்க்கில் அந்த வழக்கம் கிடையாது. முந்தைய ஆள் சுவரில் எழுதிய ஃபோன் நம்பரும் பால் கணக்கும் அப்படியே இருக்க, சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். டிஸ்க்கில் சுவர்க் கிறுக்கல் என்பது அழிக்கப்பட்ட சம்பளப் பட்டியலாக இருக்கலாம், பாஸ்வேர்டு ஃபைலாக இருக்கலாம், டேட்டாபேஸின் ஒரு பக்கமாக இருக்கலாம்.

அழிக்கும்போதே துடைத்துவிட்டால் என்ன? 10 ஜிபி ஃபைலை அழிக்க 10 ஜிபி எழுத வேண்டிவரும். பெரும்பாலான பிளாக்குகள் எப்படியும் அடுத்த ஃபைலின் தரவால் முழுதாக நிரம்பத்தான் போகின்றன. இரண்டு முறை எழுதுவது வீண். அதனால் பொதுவாக எந்த ஃபைல் சிஸ்டமும் அழிக்கும் நேரத்தில் துடைப்பதில்லை.

ஆனால் ஒரு வாக்குறுதியை மட்டும் அது காப்பாற்றியே ஆக வேண்டும். ஒரு ஃபைலில் நீங்கள் இதுவரை எழுதாத இடத்தைப் படித்தால் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையும் இதைச் சொல்கிறது: ஃபைலின் அளவைக் கூட்டினால், கூடிய பகுதி பூஜ்ஜியத்தால் நிரம்பியதுபோல் தெரிய வேண்டும். கவனியுங்கள், 'தெரிய வேண்டும்'. டிஸ்க்கில் பூஜ்ஜியம் இருந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படிப்பவர் கைக்குப் பூஜ்ஜியம் போய்ச் சேர்ந்தால் போதும். இந்தக் கட்டுரையில் வரும் தந்திரங்கள் எல்லாமே இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

வாக்கைக் காப்பாற்ற மூன்று வழி

முதல் வழி, பிளாக்கே கொடுக்காமல் இருப்பது. ட்ரங்கேட் கட்டளையால் 10 ஜிபி ஃபைல் செய்தால் நடப்பது இதுதான். ஃபைலின் அளவு 10 ஜிபி என்று, அதன் விவரங்களை வைத்திருக்கும் ஐநோட் என்ற பதிவில் எழுதப்படும், ஒரு பிளாக்கும் ஒதுக்கப்படாது. பிளாக் இல்லாத பகுதிக்கு ஓட்டை என்று பெயர். அங்கே படிக்க வந்தால் ஃபைல் சிஸ்டம் டிஸ்க் பக்கமே போகாமல் நினைவகத்தில் பூஜ்ஜியத்தை நிரப்பிக் கொடுத்துவிடும். செலவு ஒன்றுமில்லை, ஆனால் உத்தரவாதமும் இல்லை. எழுதும்போதுதான் பிளாக் தேடப்படும் என்பதால், அந்த நேரத்தில் டிஸ்க் நிரம்பியிருந்தால் பாதி வழியில் 'இடமில்லை' என்று பிழை வரும். வீடியோ பதிவு செய்யும் மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் இது ஒத்துவராது. நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் ஃபைலில் ஓட்டை இருந்தால் லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. நினைவகம் தீர்ந்து தவிக்கும் நேரத்தில் உட்கார்ந்து பிளாக் தேட முடியாதல்லவா?

இரண்டாவது வழி, பிளாக்கை ஒதுக்கி உடனே பூஜ்ஜியத்தை எழுதிவிடுவது. நேர்மையான வழி, மெதுவான வழி. ஒரு நன்மையும் உண்டு: அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் எழுதுவது வெறும் மேலெழுதுதல். மெட்டாடேட்டாவில், அதாவது ஃபைலைப் பற்றி ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் குறிப்புகளில், எதையும் மாற்ற வேண்டியதில்லை. எழுதும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே 50 நொடியைச் செலவழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாவது வழிதான் எஃப்-அலொகேட் செய்வது. பிளாக்குகளை ஒதுக்கு, ஆனால் 'இதில் இன்னும் யாரும் எழுதவில்லை' என்று ஃபைலின் வரைபடத்தில் ஒரு குறி போட்டுவை. படிக்க வருபவருக்கு அந்தக் குறியைப் பார்த்துப் பூஜ்ஜியத்தைக் கொடு. டிஸ்க்கில் கிடப்பதைக் காட்டாதே. எழுத வருபவர் எழுதியதும் அந்தப் பகுதியின் குறியை மட்டும் எடுத்துவிடு. லைப்ரரியில் அன்இனிட் என்றும் கர்னலில் அன்ரிட்டன் என்றும் சொல்வது இதையே.

படிப்பவருக்கு மூன்றிலும் கிடைப்பது பூஜ்ஜியம்தான். வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால், ஃபைல் டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் டியூ கட்டளையைக் கேளுங்கள்: ஓட்டை ஃபைலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றும், மற்ற இரண்டுக்கும் 10 ஜிபி என்றும் சொல்லும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஃபைலின் வரைபடத்தைக் காட்டும் ஃபைல்ஃப்ராக் கட்டளையை விரிவான முறையில் ஓட்டுங்கள். எஃப்-அலொகேட்டில் செய்த ஃபைலின் வரிகளில் 'அன்ரிட்டன்' என்று இருக்கும்.

ஒரு பிட்டுக்குள் ஒளிந்திருக்கும் குறி

இந்தக் குறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த பகுதி. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

எக்ஸ்ட்4 ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகக் குறித்துவைப்பதில்லை. 'ஃபைலின் இந்த இடத்திலிருந்து இத்தனை பிளாக்குகள், டிஸ்க்கின் இந்த இடத்தில் வரிசையாக இருக்கின்றன' என்று ஒரே பதிவாக வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவுக்கு எக்ஸ்டென்ட் என்று பெயர். ஒரு பதிவு 12 பைட்: ஃபைலுக்குள் எந்த இடம் என்பதற்கு 32 பிட், நீளத்துக்கு 16 பிட், டிஸ்க்கில் எந்த இடம் என்பதற்கு 48 பிட். கூட்டிப் பார்த்தால் 96 பிட். ஒரு பிட்கூட மிச்சமில்லை. அப்படியானால் 'எழுதப்படாதது' என்ற குறியை எங்கே வைப்பது?

நீளத்தின் உச்ச பிட்டைத் திருடிக்கொண்டார்கள். நீளம் என்ற இடத்தில் 1 முதல் 32768 வரை இருந்தால் அது எழுதப்பட்ட எக்ஸ்டென்ட், நீளம் அதுவே. 32768-க்கு மேல் இருந்தால் எழுதப்படாத எக்ஸ்டென்ட். 32768-ஐக் கழித்தால் வருவது உண்மையான நீளம்.

இங்கே ஒரு சின்ன அழகு இருக்கிறது. உச்ச பிட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் 32768 என்ற எண்ணுக்கு 'எழுதப்படாதது, நீளம் 0' என்று பொருள் வரும். நீளமே இல்லாத எக்ஸ்டென்ட் யாருக்கும் பயனில்லை. அதனால் அந்த ஒரு மதிப்பை மட்டும் எழுதப்பட்ட பக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 32768-ஐ 4096-ஆல் பெருக்கினால் சரியாக 128 எம்பி. எக்ஸ்ட்4 டிஸ்க்கைப் பிளாக் குரூப் என்ற பெரிய துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; ஒரு குரூப்பின் அளவும் அதுதான். ஒரு பிளாக் குறைந்திருந்தால் ஒவ்வொரு 128 எம்பிக்கும் வாலில் ஒரு பிளாக் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த நுட்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் எக்ஸ்டென்ட்டைத் தானே படித்துப் பார்க்கும் சின்னக் கருவி எழுதுபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுதான். 'உச்ச பிட் 1 என்றால் எழுதப்படாதது' என்று எழுதிவிடுவார்கள். 128 எம்பி முழுதாக நிரம்பிய எக்ஸ்டென்ட் வரும்வரை எல்லாம் சரியாகவே ஓடும்.

இப்போது அந்த 10 ஜிபி ஃபைலுக்குக் கணக்குப் போடலாம். 10 ஜிபி என்றால் 26,21,440 பிளாக்குகள். எழுதப்படாத எக்ஸ்டென்ட் ஒன்று அதிகபட்சம் 32767 பிளாக்குகளைத்தான் தாங்கும். ஆக, குறைந்தது 81 பதிவுகள். பதிவுக்கு 12 பைட் வீதம் 972 பைட். டிஸ்க்கில் காலி இடம் வரிசையாகக் கிடைத்தால் ஃபைலின் மொத்த வரைபடமும் ஒரே பிளாக்குக்குள் அடங்கிவிடுகிறது. அதோடு, தொட்ட ஒவ்வொரு பிளாக் குரூப்பின் பிட்மேப்பையும் மாற்ற வேண்டும். 80 குரூப்புக்கு 4 கேபி வீதம் 320 கேபி. 10 ஜிபி எழுத வேண்டிய இடத்தில் சில நூறு கேபியோடு வேலை முடிந்துவிட்டது. தென்காசிப் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பூஜ்ஜியம் எங்கிருந்தும் வரவில்லை.

ஆனால் மிச்சம் பிடித்த வேலை பின்னால் வேறு உருவத்தில் வரும். எழுதப்படாத எக்ஸ்டென்ட்டின் நடுவில் ஒரு பிளாக்கை எழுதினால் அது மூன்றாக உடையும்: முன்னால் எழுதப்படாதது, நடுவில் எழுதப்பட்டது, பின்னால் எழுதப்படாதது. டாரன்ட்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும் மென்பொருளிடம் மாட்டினால் வரைபடம் சில்லுச் சில்லாகிவிடும். இதைத் தடுக்க கர்னல் ஒரு சமரசம் செய்துகொள்கிறது. உடைபடும் துண்டு சின்னதாக இருந்தால், உடைப்பதற்குப் பதில் அந்தத் துண்டில் நிஜமாகவே பூஜ்ஜியத்தை எழுதி, எழுதப்பட்டதாகக் குறித்துவிடும். எவ்வளவு சின்னது என்பதற்கு இயல்பு வரம்பு 32 கேபி; வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

வரிசை முறையும் முக்கியம். தரவு முதலில் டிஸ்க்கில் போய்ச் சேர வேண்டும், அதன் பிறகுதான் குறியை எடுக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனால் குறி அப்படியே இருக்கும். படித்தால் பூஜ்ஜியம் வரும். கடைசியாக எழுதியது போயிற்றே என்று வருத்தப்படலாம், ஆனால் அடுத்தவர் ரகசியம் வெளியே வராது. தலைகீழாகச் செய்தால், குறியை எடுத்துவிட்டுத் தரவு வருவதற்குள் மின்சாரம் போனால், படிப்பவருக்குப் பழைய குப்பை கிடைக்கும்.

லைப்ரரிக்குள் நுழைந்தால்

கர்னலில் இதையெல்லாம் யாரோ நமக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். லைப்ரரியை நேரடியாக அழைக்கும்போது பொறுப்பில் பாதி நம் தலையில் விழுகிறது. கீழே ஃபங்ஷன் பெயர்களின் முன்னால் வரும் எக்ஸ்ட்2எஃப்எஸ் என்ற ஒட்டை விட்டுவிட்டே எழுதுகிறேன்.

முதலில் மனதில் பிரித்துக்கொள்ள வேண்டியவை மூன்று வேலைகள்: பிளாக்கைக் கண்டுபிடிப்பது, 'எடுத்தாகிவிட்டது' என்று பிட்மேப்பில் குறிப்பது, உள்ளே இருக்கும் பழையதைத் துடைப்பது. நியூ-பிளாக் என்ற ஃபங்ஷன் முதல் வேலையை மட்டும் செய்யும். ஒரு காலி பிளாக்கின் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும், குறித்துவைக்காது. குறிக்காமல் இன்னொரு முறை அழைத்தால் அதே எண் மறுபடி வரலாம். பிளாக்-அலொக்-ஸ்டாட்ஸ் இரண்டாவது வேலைக்கு. அலொக்-பிளாக் மூன்றையும் சேர்த்துச் செய்யும்: கண்டுபிடித்து, துடைத்து, குறித்துக் கொடுக்கும். புதிதாக வருபவர்கள் நியூ-பிளாக்கையும் அலொக்-பிளாக்கையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான குழப்பங்களின் வேர்.

இதற்கு மேல் ஃபைல் மட்டத்தில் லைப்ரரிக்குச் சொந்தமாக ஒரு எஃப்-அலொகேட் ஃபங்ஷன் இருக்கிறது. பையன் கேட்ட ஃப்ளாக்குகள் இங்கேதான் வருகின்றன. ஃபோர்ஸ்-அன்இனிட் சொன்னால் ஒதுக்கும் எல்லாமே எழுதப்படாத எக்ஸ்டென்ட். ஃபோர்ஸ்-இனிட் சொன்னால் எழுதப்பட்டதாகக் குறித்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், இயல்பாகவே, தவறான கோரிக்கை என்று திருப்பி அனுப்பிவிடும். ஜீரோ-பிளாக்ஸ் சொன்னால் ஒதுக்கிய பிளாக்குகளில் பூஜ்ஜியத்தை எழுதும்.

ஆபத்து எங்கே என்று பாருங்கள். ஃபோர்ஸ்-இனிட் மட்டும் கொடுத்து ஜீரோ-பிளாக்ஸ் கொடுக்காவிட்டால்? 'எழுதியாகிவிட்டது' என்று குறி சொல்கிறது, உள்ளே யாரும் எழுதவில்லை. பழைய தரவு நேரடியாகப் படிக்கக் கிடைக்கும். அடுத்த கணமே எல்லா பிளாக்கையும் நானே நிரப்பப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்தச் சேர்க்கை நியாயம். துடைப்பதைத் தவிர்த்த நேரம் லாபம். நிரப்பும் வழியில் பிழை வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனை ஆபத்து அல்ல, தெரிந்தே கொடுக்கப்பட்ட வசதி. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ் கருவியில், உருவாக்கும்போதே பெரிய ஃபைல்களை முன்கூட்டி ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. அவற்றில் பூஜ்ஜியம் எழுதுவது இயல்பு நடத்தை. வேண்டாம் என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. டிஸ்க் ஏற்கெனவே துடைக்கப்பட்டது என்று தெரிந்தாலோ, அந்த ஃபைலைத் தொடும் மென்பொருளை நம்பினாலோ மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது அதன் கையேடு. விண்டோஸிலும் இதேபோல், துடைக்காத இடத்தைச் செல்லுபடியான தரவாக அறிவிக்கும் அழைப்பு ஒன்று உண்டு. அதற்குத் தனிச் சிறப்பு அனுமதி வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் தன் டேட்டா ஃபைல்களைச் சட்டென்று பெரிதாக்குவது அந்த அனுமதியை வைத்துத்தான். யாருக்கு வேண்டுமானாலும் இந்தக் கதவைத் திறந்துவைப்பது என் பார்வையில் முட்டாள்தனம். அனுமதி கேட்கும் விண்டோஸ் இந்த ஒரு விஷயத்தில் செய்தது சரி.

பழைய எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 முறையில் எக்ஸ்டென்ட் கிடையாது. பிளாக் எண்களின் பட்டியல் மட்டும்தான். குறி போட இடமே இல்லை. அங்கே முன்கூட்டி ஒதுக்க வேண்டுமென்றால் துடைத்துக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ஃபைல் சிஸ்டம் எஃப்-அலொகேட்டை ஆதரிக்காவிட்டால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் போசிக்ஸ்-எஃப்-அலொகேட் பிளாக்குக்கு ஒரு பைட் வீதம் எழுதியே இடத்தைப் பிடிக்கும். 'ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது' என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மெட்டாடேட்டாவுக்கு மட்டும் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. டைரக்டரி பிளாக், எக்ஸ்டென்ட் பதிவுகளை அடுக்கிவைக்கும் மரத்தின் உள் பிளாக், பழைய முறையில் பிளாக் எண்களின் பட்டியலை வைத்திருக்கும் இன்டைரக்ட் பிளாக் ஆகியவற்றைத் துடைக்காமல் விட்டால் ரகசியம் கசிவதோடு நிற்காது. பழைய குப்பையைப் பிளாக் எண்கள் என்று நம்பி, சம்பந்தமே இல்லாத ஃபைலின் மேல் போய் எழுதும். தரவில் குப்பை வந்தால் அவமானம், மெட்டாடேட்டாவில் வந்தால் நாசம்.

அப்புறம் வால் பகுதி. 5000 பைட் ஃபைலுக்கு இரண்டு பிளாக். இரண்டாவதில் 904 பைட் நம்முடையது, மீதி 3192 பைட் யாருடையதும் அல்ல. ஃபைலின் அளவு 5000 என்று இருக்கும்வரை அதை யாரும் பார்க்க முடியாது. நாளைக்கு ஒருவர் அளவை 8000 ஆக்கினால் அந்தப் பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிடும். எழுதப்படாதது என்ற குறி பிளாக் அளவில்தான் போட முடியும். அரை பிளாக்குக்குப் போட முடியாது. அதனால் வாலை எப்போதும் நிஜமாகத் துடைத்தே ஆக வேண்டும். லைப்ரரியின் ஃபைல்-செட்-சைஸ் இதைப் பார்த்துக்கொள்கிறது. நீங்களே ஐநோட்டில் அளவை மாற்றி எழுதினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

ஃபைலுக்கு வெளியிலும் இதே கதை

துடைப்பதைத் தள்ளிப்போடும் பழக்கம் ஃபைல்களோடு நிற்கவில்லை. 1 டிபி டிஸ்க்கில் எக்ஸ்ட்4 உருவாக்கினால், இயல்பான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று வீதம் 6 கோடியே 71 லட்சம் ஐநோட்டுகள். ஒன்றுக்கு 256 பைட் என்றால் ஐநோட் அட்டவணை மட்டும் 16 ஜிபி. அத்தனையையும் துடைத்த பிறகுதான் டிஸ்க் தயாராகும் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

எனவே ஒவ்வொரு பிளாக் குரூப்பின் விவரப் பதிவிலும் சில குறிகள் வைத்தார்கள். 'இந்தக் குரூப்பின் பிளாக் பிட்மேப் இன்னும் டிஸ்க்கில் எழுதப்படவில்லை', 'ஐநோட் பிட்மேப் எழுதப்படவில்லை', 'ஐநோட் அட்டவணை துடைக்கப்பட்டுவிட்டது' என்று. முதல் குறி இருந்தால் லைப்ரரி டிஸ்க்கில் கிடப்பதைப் படிக்கக் கூடாது. அந்தக் குரூப்பில் எங்கே என்ன மெட்டாடேட்டா இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நினைவகத்திலேயே பிட்மேப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஐநோட் அட்டவணையைத் துடைக்கும் வேலையை, முதல்முறை மவுன்ட் செய்த பிறகு கர்னல் பின்னணியில் செய்கிறது. புது டிஸ்க்கை மவுன்ட் செய்துவிட்டு, ஒன்றுமே செய்யாதபோதும் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருந்தால், அது எக்ஸ்ட்4-லேஸிஇனிட் என்ற கர்னல் த்ரெட்டாக இருக்க நிறைய வாய்ப்பு.

எஸ்எஸ்டியில் ட்ரிம் செய்தால் பூஜ்ஜியம் ஆகிவிடாதா என்ற கேள்வியும் வரும். 'இந்த பிளாக்குகள் எனக்கு வேண்டாம்' என்று சொல்வதுதான் ட்ரிம். வேண்டாம் என்ற பிளாக்கைப் படித்தால் பூஜ்ஜியம் வரும் என்று எல்லா எஸ்எஸ்டியும் உறுதி தருவதில்லை. பூஜ்ஜியம் வேண்டுமென்றால் பூஜ்ஜியம் என்றே கேட்க வேண்டும். எஸ்எஸ்டிகளோடு பேசுவதற்கான என்விஎம்இ தரநிலையில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. தரவை அனுப்பாமல் 'இத்தனை பிளாக் பூஜ்ஜியம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

இமேஜ் ஃபைலில் ஓட்டை, சாதனத்தில் குப்பை

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். நாங்கள் லைப்ரரியை ஓட்டுவது நிஜ டிஸ்க்கின் மேல் அல்ல, லேப்டாப்பில் இருக்கும் ஓர் இமேஜ் ஃபைலின் மேல். லைப்ரரியின் ஜீரோ-பிளாக்ஸ் ஃபங்ஷன் புத்திசாலி. எடுத்தவுடன் பூஜ்ஜியத்தை எழுதத் தொடங்காது. கீழே இருக்கும் அடுக்கிடம் 'இந்தப் பகுதியை நீயே பூஜ்ஜியமாக்க முடியுமா' என்று கேட்கும். முடியாது என்றால்தான் தானே எழுதும். கீழே இருப்பது சாதாரண ஃபைல் என்றால், லேப்டாப்பின் ஃபைல் சிஸ்டம் அந்தப் பகுதியில் ஓட்டை போட்டுவிடும். ஆக, இமேஜுக்குள் 'துடைத்தாயிற்று' என்று பதிவாகியிருக்கிறது, இமேஜ் ஃபைலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. படித்தால் பூஜ்ஜியம் வரும். லேப்டாப்பில் இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை.

இந்த இமேஜைச் சாதனத்தின் ஃப்ளாஷுக்கு மாற்றும்போதுதான் விஷயம் திரும்புகிறது. நேரத்தை மிச்சப்படுத்த, பல கருவிகள் இமேஜில் ஓட்டை இருக்கும் இடத்தை எழுதாமல் தாண்டிவிடும். பிமேப்டூல் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டின் ஸ்பார்ஸ் இமேஜ் வடிவத்தில் 'தரவு', 'ஒரே மதிப்பால் நிரப்பு', 'எதுவாக இருந்தாலும் பரவாயில்லை' என்று வெவ்வேறு வகைத் துண்டுகள் உண்டு. ஓட்டையைக் கடைசி வகையாக எழுதிவிட்டால் சாதனத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது அப்படியே இருக்கும். எங்கள் இமேஜ் 'ஐநோட் அட்டவணை துடைக்கப்பட்டுவிட்டது' என்று சத்தியம் செய்கிறது, சாதனத்திலோ போன மென்பொருளின் மிச்சம். கர்னலும் குறியை நம்பிப் பின்னணித் துடைப்பைச் செய்யாது.

எழுதப்படாத எக்ஸ்டென்ட்டுக்கு இந்தத் தொல்லை வராது என்பதைக் கவனியுங்கள். அங்கே டிஸ்க்கில் என்ன கிடந்தாலும் குறி காப்பாற்றிவிடும். அடிபடுவது 'நிஜமாகவே பூஜ்ஜியம் எழுதியாயிற்று' என்று சொன்ன இடங்கள் மட்டும்தான்.

அதனால் புதுப் பையனுக்கு நான் கொடுத்த வழிமுறை இது. சாதாரண ஃபைலுக்கு முன்கூட்டி இடம் ஒதுக்கினால் ஃபோர்ஸ்-அன்இனிட். ஜீரோ-பிளாக்ஸ் போட்டால், அந்தப் பூஜ்ஜியம் ஃப்ளாஷ் வரை போய்ச் சேருகிறதா என்று ஸ்பார்ஸ் இமேஜின் துண்டு வகைகளைத் திறந்து பார். ஓட்டைகள் 'பரவாயில்லை' வகையில் போயிருந்தால் 'நிரப்பு' வகைக்கு மாற்று. பூஜ்ஜியத்தால் நிரப்பச் சொல்லும் துண்டு இமேஜில் கிட்டத்தட்ட இடமே பிடிக்காது, ஃப்ளாஷ் செய்யும் நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். சோதனைக்குப் புத்தம் புதுச் சாதனத்தை எடுக்காதே. அதன் ஃப்ளாஷில் பழையது எதுவும் இருக்காது என்பதால் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாதனத்தில் முதலில் ஃப்ளாஷ் முழுக்கப் பூஜ்ஜியம் அல்லாத ஏதோ ஒரு பைட்டை நிரப்பிவிட்டு, அதன் மேல் இமேஜை ஏற்றி, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே-யைக் கட்டாயச் சோதனை முறையில் ஓட்டு. அதோடு விடாதே, ஐநோட் அட்டவணையின் உபயோகிக்காத பகுதியையும் நேரடியாகப் படித்துப் பார். அங்கே நீ நிரப்பிய பைட் தெரிந்தால், எந்த அடுக்கு ஓட்டையைத் தாண்டியது என்று கீழிருந்து மேலாகத் தேடத் தொடங்கலாம்.